ஊருக்கெல்லாம் ஒரே மெயில்

திண்டிவனத்தில் நான் நடத்தும் பிரௌசிங் சென்டருக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி கிடையாது. "கடை ஐடியவே போட்டுடுங்கண்ணா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். ஊர்த் தபாலெல்லாம் என் பெட்டியில் வந்து விழுவதில் எனக்குப் பெருமை வேறு.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஒரு மாதமாகத் திரையின் மூலையில் நின்று நச்சரித்துக்கொண்டிருந்த சிஸ்டம் அப்டேட்டுக்குச் சரி என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருந்தது, மெயில் புரோகிராம் மட்டும் திறக்கவில்லை. தொட்டால் ஒரு விநாடி எட்டிப் பார்க்கும், உடனே மூடிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வந்தாள். லேப் டெக்னீஷியன் படித்த பெண், கடை ஐடியில் விண்ணப்பம் போட்டவள். அப்பா மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்கும் கூலி வேலை செய்கிறவர்.

"அண்ணா, நேத்து போனுக்கு மெசேஜ் வந்துச்சு. எழுதுன பரீட்சையில பாஸாயிட்டேனாம். இன்னிக்கு ரெண்டு மணிக்கு விழுப்புரத்துல கவர்மென்ட் இன்டர்வியூ. லெட்டர மெயில்ல அனுப்பியிருக்காங்களாம். அது இல்லாம போனா உள்ள உடமாட்டாங்க. அடுத்த தடவைக்கு எனக்கு வயசு தாண்டிடும்ணா."

"உக்காரும்மா, ரெண்டு நிமிசம்" என்றேன். மணி ஒன்பதேகால்.

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றால், உள்ளே இருக்கும் மெயிலும் சேர்ந்து போய்விடுமோ என்று பயம். நேராக இணையத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே பெட்டி காலி. இடம் நிரம்பி வழிகிறதே என்று, வருவதையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடும்படி வைத்த புண்ணியவான் நான்தான். கடிதம் என் எதிரிலேயே இருக்கிறது, கைக்கு வரவில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பாத்துக்கினுதானே இருக்கேன்" என்று கத்திவிட்டேன். அவள் சர்டிபிகேட் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு ஒரு யோசனை வந்தது. விழுப்புரத்தில் இதே தொழில் செய்யும் என் நண்பர் அப்டேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே திட்டுகிற ஆள். அவரிடம் பழைய சிஸ்டமும் பழைய புரோகிராமும் அப்படியே இருந்தன. மெயில் ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடையைப் பூட்டி, அவளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. கண்டக்டரிடம் "ஜல்தி போகச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நண்பர் கடைக்குள் நுழையும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் மெயில் திறந்துகொண்டது. ஆனால் அவள் கடிதம் அதில் இல்லை. மேலும் கீழும் தேடினேன். இல்லவே இல்லை.

"குப்பையில பாத்தியா?" என்றார் நண்பர்.

"எந்தக் குப்பை?"

சந்தேகப்பட்ட மெயிலையெல்லாம் புரோகிராம் தானாகவே தனியாக ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுமாம். இத்தனை வருடத்தில் நான் அதை எட்டிப் பார்த்ததே இல்லை. நண்பர் திறந்தார். முதல் வரியில் அவள் பெயர். பிரிண்ட் கொடுத்துவிட்டு அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கீழே ஓரிடத்தில் விரலை வைத்தாள். அதே வேலை, அதே பெயர், போன வருடத் தேதி.

"அப்ப போனுக்கு மெசேஜ் எதுவும் வரல. இதுக்குத்தாண்ணா மூணு தடவ வந்து கேட்டேன். வரலைன்னு சொன்னீங்க."

சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நமக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதாம்மா என்று ஆறுதல்கூடச் சொல்லி அனுப்பினேன். அவள் பெயருக்குக் கீழே இன்னும் பல பெயர்கள் திறக்கப்படாமல் கிடந்தன. எல்லாம், கடிதம் வரவில்லை என்று நான் சொல்லி அனுப்பியவர்களின் பெயர்கள்தான்.

அவள் என்னைத் திட்டவில்லை. புதுக் கடிதத்தை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். மணி ஒன்றரை.

"அந்தப் பழசையும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணா. எங்கப்பாகிட்ட காட்டணும். நான் பரீட்சைய ஒழுங்கா எழுதலைன்னு ஒரு வருசமா பேசிக்கினு இருக்காரு."