எருமைக் கப்பலுக்கு நேராக

என் அண்ணி சம்பூர்ணம் ஒருமுறை ஒரு மூட்டைப் புளியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கினாள். ஏழு மைல். மண்டிக்காரர் மூட்டையைப் பிரிக்காமலே, "மலைக்காரங்க புளியில கல்லு கெடக்கும்" என்றார். அண்ணி மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த ஏழு மைலையும் ஏறி வந்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாக் குழம்பும் புளித்தது.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் பேசுவாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவளுடைய பெண் வடிவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வலது காலின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை அண்ணியின் இடுப்பிலும் என் அண்ணன் குப்பனின் தோளிலுமாக வளர்ந்தது. சாமைக் காட்டுக்குப் போனாலும் இடுப்பில், தண்ணீருக்குப் போனாலும் இடுப்பில். ஆறு வயது நடக்கும்போது, எழுபத்தெட்டாம் வருடம், நிலத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் மெட்ராஸுக்குப் போனார்கள். எனக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு நானும் அங்கேதான் போனேன். பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு மார்கழி முடியும் வரை இருந்தேன்.

பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கில் அண்ணனுக்குக் கட்டு தூக்கும் வேலை. பக்கத்து அறையில் வாணியம்பாடியிலிருந்து வந்த சுபைதா அக்கா இருந்தாள். அவள் புருஷர் ஃபரூக் அந்தக் கிடங்கின் மேஸ்திரி. அவர்தான் அண்ணனைச் சேர்த்துவிட்டவர்.

பெரிய ஆஸ்பத்திரியில் வடிவின் காலை மெல்ல மெல்ல நீட்டி, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்து, தோல் வார் போட்ட ஒரு பூட்ஸை மாட்டிவிட்டார்கள். அங்கிருந்த நர்ஸம்மா அண்ணியிடம், "இனிமே மருந்து இல்லம்மா. நடைதான் மருந்து. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக்கிட்டே போங்க" என்றாள்.

அண்ணனுக்கு வேறு யோசனை. கால் விளங்காத பிள்ளைகளை வைத்துப் படிக்கவைக்கும் விடுதி ஒன்று மெட்ராஸிலேயே இருந்தது. அங்கே சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அது வந்த நாளிலிருந்து வீட்டில் சண்டை.

"நான் இன்னா கெட்டவனா? ஆலங்காயத்துல எறங்கனா ஏழு மைலு. மழ பேஞ்சா ஓடையெல்லாம் வழுக்கும். எனக்குத் தோளு இருக்கற வரைக்கும் தூக்குவேன். அப்பறம்?"

"அப்பறம் நடப்பா."

"எப்போ?"

"நீ தூக்கறத நிறுத்தனா."

கடைசியில் அண்ணன் ஒரு கெடு வைத்தார். பொங்கலுக்கு எல்லாரும் மலைக்குத் திரும்புகிறோம். அதற்குள் வடிவு, தானே நடந்து கப்பல் பார்க்கப் போய், தானே நடந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அவளையும் கூட்டிப் போவது. இல்லையென்றால் விடுதி. அண்ணி சரி என்றாள்.

கப்பல் பார்க்கப் போகும் பழக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டி, கூவம் ஆற்றங்கரையோடு நடந்து, தீவுத்திடலைக் கடந்தால் ஆறு கடலில் சேரும் இடத்தில் நேப்பியர் பாலம். அதற்கு அந்தப் பக்கம் மணல், கடல், கப்பல். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். முதலில் ஆற்றங்கரை வரை தூக்கிப் போய் அங்கே இறக்கிவிட்டு நூறு அடி நடக்கவைத்தோம். ஆடி மாதத்தில் திடல் வரை நடந்தாள். கார்த்திகையில் பாலம் வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் திரும்பி வருவது மட்டும் எப்போதும் அண்ணன் தோளில்தான். ஞாயிறும் அவருக்குக் கிடங்கு உண்டு; வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் அங்கே வந்து தூக்கிக்கொள்வார்.

நாங்கள் கிளம்பும்போதெல்லாம் சுபைதா அக்கா வாசலில் நின்று, "இன்னா சம்பூர்ணம், கப்பல் பாக்கப் போறியா, ஏறிப் போயிடப் போறியா? ஏறறதுன்னா சொல்லிட்டுப் போ, உன் அம்மிய நான் எடுத்துக்கறேன்" என்பாள்.

வடிவுக்கு முதலில் அந்த ஆறே பிடிக்கவில்லை. "இது ஏம்மா ஓடல?"

"அதுக்கும் உன்னாட்டம் சோம்பேறித்தனம். நீ நட."

நடக்கவைக்க அண்ணி வைத்திருந்த வழி எங்கள் மலை வழி. எங்களுக்குத் தூரம் என்றால் கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கேட்கிற அளவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "ஏ வடிவோ...வ்!" என்று கூப்பிடுவாள். வடிவு பூட்ஸை இழுத்து இழுத்து அந்தக் குரல் வரை போவாள். அண்ணி மறுபடி முன்னால் போவாள். நான் குழந்தையோடு பின்னால் வருவேன். ரோட்டில் போகிற வருகிற எல்லாரும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூசும்.

"மெதுவாக் கூப்புடு அண்ணி. மானம் கப்பலேறுது."

"ஏறட்டும். அதப் பாக்கத்தான போறோம்."

முதல் தடவை கடலைப் பார்த்தபோது அண்ணி, நின்றிருந்த ஒரு கப்பலைக் காட்டி, "ரெண்டு கூப்புடு தூரம் இருக்கும்" என்றாள். சொன்னதோடு விடவில்லை. கைகளை வாயருகே குவித்து, "ஏய்...ய்!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். மலையில் எதிர்ச் சரிவில் இருப்பவன் அப்படித்தான் பதில் தருவான். பக்கத்தில் இருந்த சுண்டல்காரன் சிரித்தான்.

"இன்னாமே, கப்பல்காரன் உனுக்கு மச்சானா?"

"மச்சானா இருந்தா இந்நேரம் வந்திருப்பான்" என்றாள் அண்ணி.

கார்த்திகை கடைசியில் ஒரு கருப்புக் கப்பல் வந்து நின்றது. தண்ணீர் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு, மேலே இரண்டு கொம்பு போல இரும்புத் தூண்கள். தண்ணீரில் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்ததால் வடிவு அதற்கு எருமை என்று பேர் வைத்தாள். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நிற்கிறது என்று ஃபரூக் அண்ணன் சொன்னார். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு, அது அசையவே இல்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வந்தது. கெடுவில் அதுதான் கடைசி. அன்றைக்கு அண்ணன் பிள்ளையைத் தொடக் கூடாது, எங்களோடு திரும்பி நடந்து வந்து கண்ணால் பார்க்கவேண்டும் என்பது பேச்சு. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி சொன்னாள்:

"பாலத்தாண்ட கூட்டமா இருக்கும். நாங்க எருமைக் கப்பலுக்கு நேரா மணல்ல உக்காந்திருக்கோம். அங்க வந்துடு."

"சரி" என்றார் அண்ணன்.

எங்கள் மலையில் ஒரு இடத்தைச் சொல்வதென்றால் பாறைக்கு நேரா, புளியமரத்துக்கு நேரா என்றுதான் சொல்வோம். எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை.

வடிவு அன்று நன்றாக நடந்தாள். மதியத்துக்குள் மணலுக்கு வந்து, எருமைக்கு நேரே உட்கார்ந்து, கட்டுச்சோறு தின்றோம். மூன்று மணி இருக்கும். ஒரு சின்னக் கப்பல் புகைவிட்டுக்கொண்டு வந்து எருமையின் பக்கத்தில் நின்றது. பிறகு எருமை மெதுவாகத் திரும்பிற்று. வடிவு கை தட்டி, "எருமை நடக்குது, எருமை நடக்குது!" என்று கத்தினாள். நாங்களும் வாய் பிளந்து பார்த்தோம். அது வடக்கே நகர்ந்து நகர்ந்து துறைமுகச் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தது. அண்ணனோடு சந்திக்கச் சொல்லி வைத்த இடம் கிளம்பிப் போய்விட்டது என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நான்கு மணி ஆயிற்று. நான்கரை. அண்ணன் வரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. சொன்னதும் அண்ணி கடலைப் பார்த்து, "நின்ன எடத்துல நிக்கறதுக்கு அதுக்கு இன்னா கேடு" என்றாள். பிறகு எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"கெளம்பு வடிவு."

"அப்பா வரட்டும்."

"அப்பா வரமாட்டாரு. நட."

நான் சொன்னேன், "அண்ணன் பாக்கலன்னா எப்பிடி அண்ணி? அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் பொங்கலு."

பாலம் தாண்டும் வரை வடிவு உட்காராமல் வந்தாள். தாண்டியதும் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அண்ணி திட்டவில்லை. உட்காரவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு ஒரு கூப்பிடு முன்னால் போய் நின்றாள். திடல் பக்கம் வரும்போது ஐந்தாவது தடவை. பூட்ஸ் வார் உரசி முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. அண்ணி தன் முந்தானையில் ஒரு பட்டை கிழித்து வாருக்கு அடியில் வைத்துக் கட்டினாள்.

நான் குழந்தையை நீட்டி, "இத நீ வச்சிக்கோ. கொஞ்ச தூரம் நான் அவளத் தூக்கறேன்" என்றேன்.

"தொட்டியானா நம்ம ஒறவு இன்னியோட சரி."

ஒரு ரிக்‌ஷாக்காரர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். "ஏம்மா, பச்சப் புள்ளய இப்பிடி வதைக்கிறியே. ஏத்து. காசு வாணாம், நான் உட்டுட்டுப் போறேன்."

"நீ போண்ணா. அவ நடக்கறா."

"கல்லு நெஞ்சும்மா உனுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போனார்.

வடிவு அழ ஆரம்பித்தாள். அழுகையோடு, "நீ அம்மா இல்ல, பேயி" என்று கத்தினாள்.

"பேயிதான். வா, பேய்கிட்ட வா" என்றாள் அண்ணி, ஒரு கூப்பிடு தூரத்திலிருந்து. கோபத்திலேயே அந்தப் பிள்ளை இரண்டு கூப்பிடு நடந்துவிட்டது.

சென்ட்ரலுக்கு எதிரே ரோட்டைக் கடக்கவேண்டும். பாதி வந்தோம். வடிவின் பூட்ஸ் எதிலோ தட்டி நின்றது. இடப்பக்கமிருந்து ஒரு பஸ் வளைந்து வந்தது. அண்ணி ஒரே பாய்ச்சலில் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் இறக்கவில்லை. பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கீழே இறக்கி, பூட்ஸை நேராக வைத்து, முன்னால் நடந்தாள்.

விளக்கு வைத்த பிறகு வீடு வந்து சேர்ந்தோம். சுபைதா அக்கா வெளியே ஓடி வந்து, "யா அல்லா! நடந்தா வந்தீங்க? உன் வூட்டுக்காரரு ஒங்களத் தேடிப் போயி இன்னும் வரலியே" என்றாள். வடிவு பாயில் விழுந்த மாத்திரத்தில் பூட்ஸோடு தூங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். தலையெல்லாம் புழுதி.

"எங்கடி போய்த் தொலஞ்சீங்க? பாலத்தாண்ட வர்றேன், எருமை வடக்கால போயிட்டிருக்குது. சரி, அதுக்கு நேராத்தான இருப்பீங்கன்னு நானும் வடக்கால போனேன். அது போக, நான் போக, செவுரு வந்துடிச்சு. கேட்டாண்ட வாச்மேன்கிட்ட, 'என் பொண்டாட்டி எருமைக்கு நேரா உக்காந்திருக்கறா, வுடுய்யா'ன்னேன். 'எருமைக்கெல்லாம் உள்ள எடமில்ல, போ'ன்னு தொரத்திட்டான்."

வாசலில் சுபைதா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணி சிரிக்கவில்லை.

"அவ நடந்துட்டா" என்றாள்.

அண்ணன் பாயைப் பார்த்தார். "நடந்தாளா, தூக்கிட்டு வந்தீங்களா?"

"நான் சொன்னா நம்பமாட்ட. உன் தங்கச்சியக் கேளு. அது பொய் சொல்லாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்து நான் பேசியதே குறைவு. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், முடிந்துவிடும். ஆனால் அண்ணி என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது. அதையே பொய்யாக்கிவிட்டு, பிறகு அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நடந்துதான் வந்தா அண்ணே. சென்ட்ரலாண்ட ரோட்டு தாண்டறப்ப மட்டும் பஸ்ஸு வந்துடிச்சு. அண்ணி தூக்கிச்சு. பத்துப் பன்னெண்டு அடி இருக்கும்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பஸ்ஸு வந்தா என்னியும்தான் தூக்கணும்" என்றார் அண்ணன். பாயருகே உட்கார்ந்தார். முந்தானைக் கிழிசல் கட்டியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "எத்தினி தடவ உக்காந்தா?"

"பதினோரு தடவ" என்றேன்.

"பதினொண்ணா." பாயில் கிடந்த மணலைக் கையால் தட்டினார். "நம்ம மலையில உக்கார்றதுக்குக் கல்லா இல்ல?"

அண்ணி திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளையின் பூட்ஸ் வார்களை அவிழ்க்கத் தொடங்கினாள். நான்கே வார்கள்தான். வெகு நேரம் அவிழ்த்தாள்.

போகிப் பண்டிகையன்று காலை ஏழு மணிக்கு ஆலங்காயத்திலிருந்து ஏற ஆரம்பித்தோம். மூட்டைகளை அண்ணனும் அண்ணியும் சுமந்தார்கள், நான் என் குழந்தையைச் சுமந்தேன். வடிவு எந்தக் கல்லில் உட்கார்ந்தாலும் நாங்களும் உட்கார்ந்தோம். அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. அண்ணி முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளையின் காலுக்கு வெந்நீர் போட்டாள்.