கிணற்றில் என் பாதி

காலராக் கிருமியை நான் முதலில் பார்த்தது கல்லூரி ஆய்வகத்தில். சாயமேற்றிச் சாகடித்த கிருமி. கமாவைப் போல வளைந்து, கண்ணாடித் தகட்டில் சாதுவாகக் கிடந்தது. என் ஓரகத்தியை, அதாவது கணவருடைய அண்ணன் மனைவியை, முதலில் பார்த்தபோதும் சாதுவாகத்தான் தெரிந்தாள். இரண்டு விஷயத்திலும் நான் ஏமாந்தேன்.

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. கிணற்றைப் பிரிக்க முடியாமல் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டோம். அன்றிலிருந்து வாளி வைக்கிற இடத்துக்குச் சண்டை, கயிறு நனைந்ததற்குச் சண்டை. நான் விலங்கியல் படித்தவள் என்பது அவளுக்குத் தாங்கவே தாங்காது. 'காக்கா குருவி படிப்பு' என்பாள், என் காதில் விழுகிற மாதிரி.

இடஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்த காலம் அது. திருக்கோவிலூர் சாலையில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை; கரும்பு வண்டிகூட ஆலைக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்த என் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அவருடைய அண்ணன் மறியலில் உட்கார்ந்தார். அவர்கள் கேட்டது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அங்கே குடித்தது ஓடைத் தண்ணீர். கல்வராயன் மலையில் பெய்த மழை, வழியிலிருந்த அசிங்கத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்த கலங்கல்.

ஒரு நாள் காலையில் அந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அரிசி கழுவின தண்ணீர் போல வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. கண் உள்ளே போய், விரல் தோல் சுருங்கி, குரலே எழும்பவில்லை. பார்த்ததும் காலரா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் ஓரகத்தி செய்த முதல் வேலை, அவர் வேட்டியைக் கிணற்று மேடையில் போட்டுக் கசக்கியது. அந்தத் தண்ணீர் மேடை விரிசல் வழியாகக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியது. வேண்டாம் என்று கத்தினேன்.

"கெணத்துல பாதி எங்குது. எம்பாதியிலதான் தோய்க்கிறேன், உனுக்கு இன்னா?"

பாகப்பிரிவினையைக் கிருமிக்கு யார் எடுத்துச் சொல்வது? ஒரு குடலிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து அடுத்த குடலுக்கு. அதன் பிழைப்பே அதுதான். அதற்கு வேண்டிய வழியை இவள் கையாலேயே வெட்டிவிட்டாள்.

இரண்டாவது வேலை இன்னும் மோசம். வயிற்றால் போகிறவர்களுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் தண்ணீர் தண்ணீர் என்று வாயசைக்க, அவள் ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்தாள்.

"உப்பும் வெல்லமும் கரச்சி குடு யக்கா. இல்லன்னா செத்துடுவாரு" என்றேன்.

"உள்ள ஊத்தினா கீழ ஊத்திக்கினு போவுது, கண்ணு தெரியல? எம்புருசன் சாவணும்னுதான காத்துக்கினு இருந்த?"

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். விழுங்கிய கிருமிகளில் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்தில் செத்துவிடும். தப்பியவை சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுவரைத் தின்னாது, துளைக்காது. ஒரு நஞ்சை மட்டும் விடும். அது குடலின் உப்புக் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடும். உப்பு வெளியேற, அதன் பின்னாலேயே உடம்பின் தண்ணீரெல்லாம் போய், ஆள் வற்றியே சாவான். ஆனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உடம்புக்குள் நுழைய இன்னொரு கதவு உண்டு. நஞ்சு அதைத் தொடுவதில்லை. அந்த வழியாகத் தண்ணீரும் உள்ளே வரும். இவ்வளவுதான் விஷயம். எதிரி சொன்னால் யார் கேட்பார்கள்?

எனக்கு வெறி ஏறிவிட்டது. தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"நான் குடுத்து அவரு செத்தா, கெணத்துல எம்பாதிய நீயே எடுத்துக்க. ஊரு சாட்சி!"

என் பேச்சை நம்பாதவள் என் பங்கை நம்பினாள். வாசற்படியை விட்டு நகர்ந்தாள்.

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் வெல்லமும் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். வாந்தி எடுத்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊட்டினேன். அவர் குமட்டும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து "பாத்தியா, பாத்தியா" என்றாள். பொழுது சாய்வதற்குள் அவருக்கு மூத்திரம் போயிற்று; உடம்பில் தண்ணீர் தங்க ஆரம்பித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவள் பார்க்கக் கூடாதென்று அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மறுநாள், மறியலில் அவரோடு ஒரே பானைத் தண்ணீர் குடித்த தெற்குத் தெருக்காரர் அதே நோயில் விழுந்தார். அவர் மனைவி என் ஓரகத்திக்குப் பெரியம்மா மகள். ஓடினேன், என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

"உன் பேச்ச எப்டி நம்பறது? எங்க அக்கா வந்து சொல்லட்டும், குடுக்கிறோம்" என்றாள் அந்த மனைவி.

திரும்பி ஓடிவந்து அவளிடம் கெஞ்சினேன். கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு கெட்டி ஒடம்பு, தானா பொழச்சாரு. உன்னாலன்னு நான் எதுக்கு ஊரு பூரா சொல்லிக்கினு திரியணும்?"

வாயைத் திறந்தால் அவரைக் காப்பாற்றியது நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவள் திறக்கவில்லை. மதியத்துக்குள் தெற்குத் தெருவில் ஒப்பாரி எழுந்தது. கூழ்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு முதல் ஆளாக அவள்தான் ஓடினாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.