கண்ணாடியில் தெரிந்த தூசி

எங்கள் ஏரியில் காற்று கிளம்புமுன் என்னிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்பும். இது பொய். ஆனால் மேற்கு மலைக்குப் பின்னால் அது சோம்பல் முறிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும் என்று நெவாடாவின் இந்தக் கரையில் பலர் நம்பிய காலம் உண்டு. நம்பாதவர்களை நான் நம்பவைத்தேன்.

எழுதச் சொன்னது என்னைப் பற்றி அல்ல. என் தம்பி எல்வுட்டுக்கு எழுபது வயதாகிறது. விருந்தன்று வாசிக்க அவன் கதையை எழுதித் தரும்படி எங்கள் பையூட் பழங்குடிச் சமூகக் கூடத்தில் கேட்டார்கள்.

எல்வுட் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகளை அதட்டமாட்டான். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான். பின்சீட்டில் பறந்துகொண்டிருக்கும் ஆப்பிள் நடுவானில் நின்றுவிடும். சனிக்கிழமையானால் ஏரியில் மீன்பிடிப்புதான். காற்றடைத்த மிதவை வளையம், நடுவில் துணி இருக்கை. இடுப்புவரை தண்ணீரில் உட்கார்ந்து, துடுப்புச் செருப்பு மாட்டிய கால்களால் உதைக்க வேண்டும். உதைத்தால் முதுகுப் பக்கமாகத்தான் போகும். ஏரிக்குள் போகிறவன் கண்ணுக்குக் கரை தெரியும். கரைக்குத் திரும்புகிறவனுக்கு ஏரிதான் தெரியும்.

மேற்குக் காற்று வந்தால் கரையோரம் தண்ணீர் சும்மாதான் கிடக்கும். அதை நம்பி உட்கார்ந்திருப்பவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் நான். ஏரியைப் பார்த்தபடி பிக்கப் வண்டியை நிறுத்தி, உள்ளேயிருக்கும் கண்ணாடியைப் பின்னாலிருக்கும் மலை தெரியும்படி சாய்த்து வைத்துக்கொள்வேன். மலை விளிம்பில் தூசி கட்டைவிரல் நகம் அளவு எழும்பினால் முகப்பு விளக்கை இரண்டு முறை சிமிட்டுவேன். எல்வுட் கரைக்குத் திரும்புவான். அவன் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள். எங்கள் கரைக்காரர்கள் காற்றைப் பார்ப்பதில்லை, எல்வுட்டைத்தான் பார்ப்பார்கள். அவன் உட்கார்ந்திருக்கும்போது முதலில் ஓடிவந்த பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க யாருக்கும் மனமில்லை.

பதினோரு வருடம் முன்பு, ஒரு பிப்ரவரி காலை. தண்ணீரில் இரண்டு பேர்தான்: எல்வுட்டும் என் கணவர் மார்வினும். இறங்குமுன் எல்வுட் வழக்கம்போல விசாரணை நடத்தினான்.

"மாமா, இடுப்புப் பட்டை?"

"இறுக்கியாச்சு மச்சான். சாப்பிட்ட ரொட்டி வெளியே வருது."

"விசில்?"

"கழுத்துல."

"செருப்புக் கயிறு?"

"உங்கக்கா கட்டினது. கழட்டணும்னா கோடாலி வேணும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மீனாவது கொண்டு வாங்க," என்றேன். "போன வாரம் நான் கழுவினது கடை மீனு."

"காத்து வந்தா என்ன பண்ணுவீங்க மாமா?"

"நீ திரும்பினா நானும் திரும்புவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது," என்றார் மார்வின். அதுதான் அவர் என் காதுபடச் சொன்ன கடைசிப் பேச்சு.

நான் பேத்திக்குத் தோல் செருப்பில் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன், தூசி தெரிந்தது, விளக்கைச் சிமிட்டினேன். இரண்டு பேரும் அசையவில்லை. மறுபடி சிமிட்டினேன், ஹாரனை அழுத்தினேன். எல்வுட் திரும்பினான், மார்வினும் திரும்பினார். அதற்குள் காற்றில் பிக்கப் ஆடத் தொடங்கிவிட்டது. இருவரும் உதைத்தார்கள், உதைக்க உதைக்கச் சிறிதானார்கள்.

மீட்புப் படகு மதியம் எதிர்க்கரைப் பாறைகளில் எல்வுட்டை உயிரோடு கண்டெடுத்தது. மார்வினைச் சற்றுத் தள்ளி. அவர் மூழ்கவில்லை. மிதவை அங்கியும் வளையமும் அவரைப் பத்திரமாக நிமிர்த்தி வைத்திருந்தன, கொன்றது குளிர்.

அடக்கம் முடிந்த சாப்பாட்டில் எல்வுட்டைச் சுற்றி நின்று கேட்டார்கள். "விளக்கு வந்தப்பவே அலையும் வந்துடுச்சு," என்றான், தட்டைப் பார்த்தபடி. அவ்வளவுதான் சொன்னான். ஊர் என் பக்கம் திரும்ப அது போதுமாக இருந்தது.

"மணி கோக்க வீட்ல இடமில்லையாக்கா?" என்று சித்தி மகள் வெர்னெட்டா எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்தச் செருப்பு ஜோடியில் ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்றதை என் மகள் இன்றுவரை கேட்கவில்லை. தன் அப்பாவைப் பற்றியும் என்னிடம் பேசுவதில்லை. தூசி எவ்வளவு உயரம் இருந்தது என்று முதல் வருடம் தினமும் யோசித்தேன். பிறகு, ஊரே சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எல்வுட் அதன்பின் தண்ணீரில் இறங்கவில்லை. ஆண்டுதோறும் குளிருக்கு முன் ஒரு வண்டி விறகு கொண்டுவந்து என் வாசலில் இறக்குவான். உள்ளே வரமாட்டான். இருந்தாலும் என்னை மன்னித்துவிட்டான் என்றுதான் நினைத்து வந்தேன்.

நேற்று விறகோடு வந்தவனை வற்புறுத்தி உட்காரவைத்து, எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஆப்பிளுக்குச் சிரித்தான். 'அன்று நான் விளக்கைப் போடத் தாமதித்துவிட்டேன்' என்று எழுதியிருந்த இடம் வந்ததும் கையை நீட்டித் தாளை மூடினான்.

"அந்த வரியை அடிச்சிடுக்கா. நீ முதல் தடவை போட்டப்பவே பார்த்தேன். தண்ணி அசையாமக் கிடந்துச்சு. தூண்டில்ல பெரிய மீனு. இன்னும் ரெண்டு நிமிஷம்னு மாமாகிட்ட சொன்னேன். அவரு சரின்னாரு."