பசிக்காகக் காத்திருந்த அண்ணை

பருத்தித்துறையில், அலை வந்து வாசலைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் ஒரு வீட்டில் எங்கள் அண்ணை பிறந்தார். ஐயா கடலுக்குப் போனவர். அண்ணையோ யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே பஸ் ஓட்டினார். தங்கைமார் எங்களைப் படிப்பித்துக் கரைசேர்த்த பிறகே மச்சாளைக் கைப்பிடித்தார்.

பஸ் நேரத்துக்கு ஓடியது. அண்ணையின் வயிறுதான் நேரம் தவறியது. விடிய வெறும் வயிற்றில் தேத்தண்ணீர், மத்தியானம் கழிந்து பஸ் நிலையத்தில் நின்றபடியே ரோல்ஸ், இரவில் கொத்துரொட்டி. போகப் போக நெஞ்செரிவும் வயிற்றூதலும் வந்து குடியேறின. கலியாண வீடுகளில் பந்திக்குக் கூப்பிட்டால், "நான் அப்பவே சாப்பிட்டிட்டன்" என்று சொல்லி வாசலில் நின்றுவிடுவார். ஊரார் அவரைப் பெருமைக்காரர் என்றார்கள். சனத்தோடு ஒன்றாக இருந்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்பதே அவருடைய ஆசை என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மச்சாள் விடவில்லை. இணுவிலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியாரிடம் கூட்டிப்போனார், நானும் போனேன். பரியாரியார் நாடி பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பசிச்சோ சாப்பிடுறியள், நேரம் கிடைச்சதெண்டோ?"

"பசி எப்பிடி இருக்குமெண்டே மறந்துபோச்சு ஐயா," என்றார் அண்ணை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வயித்துக்குள்ளையும் ஒரு அடுப்புத்தான் எரியுது. பத்த முந்தி விறகைத் திணிச்சால் புகைதான் வரும். பசி வரட்டும், பிறகு சாப்பிடுங்கோ."

அன்றிலிருந்து அண்ணையின் பொழுதுகளே மாறின. எழும்பியதும் இளஞ்சூட்டில் தண்ணீர். சாப்பாட்டுக்கு முன் உப்புத் தொட்ட இஞ்சித் துண்டு. மத்தியானம் வீட்டுக்கு வரக்கூடிய வேலைநேரத்தைக் கேட்டு வாங்கினார். சோறு, கீரை, இரசம், முடிவில் மோர் என்று அதுவே பெரிய சாப்பாடு. பொழுதுபட முந்தி இடியப்பமும் சொதியும், அதுவும் அரை வயிற்றுக்கு. வெறும் வயிற்றுத் தேத்தண்ணீரை விட்டதுதான் பெரும்பாடு. அந்தக் கிழமைகளில் அவரோடு கதைக்கவே எங்களுக்குப் பயம்.

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண்கள் பாதி மூடியிருக்க, ஒவ்வொரு பிடியையும் மென்றுகொண்டிருப்பார். வெளியே பனைகள் அசையும், கடல் இரையும். அண்ணை அந்தச் சோற்றின் வழியே வேறோர் ஊருக்குப் போய் வருவதுபோல் இருக்கும். நாங்கள் கைகழுவி ஊர்க்கதை முழுதும் கதைத்து முடித்தாலும் அவர் இரசத்துக்கு வந்திருக்கமாட்டார். பிறகு கரையோரமாக மெல்ல நடப்பார்.

எங்கள் ஆட்களின் அன்பு அகப்பையில்தான் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்கும்போது போதும் என்பவரை யாரும் நம்புவதில்லை. அண்ணை இலைக்கு மேல் கையை விரித்துச் சிரிப்பார். அதற்காக முகம் நீட்டியவர்களும் உண்டு.

தன் மகளின் கலியாணத்தன்று முதற்பந்தியில் இருந்தார். அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றும் எழும்பவில்லை. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதேயில்லை.

இந்த வருடம் அவருடைய இதயம் தளர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கடைசி நாட்களில் மச்சாள் கரண்டியால் பருக்கிய கஞ்சித் தண்ணீரைக்கூட மென்றுதான் விழுங்கினார். ஒரு காலையில், கடலைப் பார்த்தபடி கண்மூடினார்.

போனவருக்கு விருப்பமானதைச் சமைத்து எட்டாம் நாள் படைப்பது எங்கள் வழக்கம். "இனி அண்ணைக்கு என்ன பத்தியம்?" என்று சொல்லி, அவர் விட்டுவிட்ட நண்டுக்கறியையும் பொரியலையும் வடையையும் இலை நிறைய வைத்தோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம். சற்று நேரத்தில் பெரியவர் ஒருவர், "சனம் பசியோடை நிக்குது, கதவைத் திறவுங்கோ பிள்ளை," என்றார். நான் கதவில் கை வைத்தேன்.

அழுது அழுது வாயே திறக்காதிருந்த மச்சாள் எழும்பி வந்து கதவை மறித்தார்.

"பொறுங்கோ. அவர் ஆறுதலாய்ச் சாப்பிடுறவர். இப்பவெண்டாலும் அவரை அவசரப்படுத்தாதையுங்கோ."

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடிய அயலவர்களுக்கும், அவரோடு பஸ் ஓட்டிய நண்பர்களுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மச்சாள் தானாகவே கதவைத் திறக்கும்வரை அன்று பசியோடு காத்து நின்ற உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தங்கை