சிரிக்கிற குரல்

சங்குமுகம் கடற்கரையில் உணவுத் திருவிழா. புரோட்டாக் கடைக்காரர் பாட்டு மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும். நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு, திருநெல்வேலிப் பேச்சு. மேடையிலிருந்து கேட்கும் தாளத்துக்கே மாவை வீசுவார். பாட்டு நின்றால் கையும் நிற்கும். கூட வர ஆளில்லாத நான் மூன்று மாலையும் அவரிடமே சாப்பிட்டேன்.

கடைசி நாள் கேட்டார்: “ஏன் சார், அந்தப் பிள்ளை சிரிச்சிக்கிட்டா பாடுது? கொரல்ல சிரிப்பு கேக்கு.”

எட்டிப் பார்த்தேன். பாடகி கண்களை இறுக மூடியிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

“ஆமா அண்ணாச்சி, சிரிச்சிக்கிட்டுதான்.”

“நெனச்சேன்” என்றார்.

மாவு தீர்ந்து அடுப்பை அணைத்த பிறகும் ஒரு பாட்டு மிச்சமிருந்தது. மேசையில் விரலால் தாளம் போட்டபடி முழுவதும் கேட்டார். திரும்பிப் பார்க்க அரை நொடி போதும். அவர் பார்க்கவில்லை.