தண்ணீரைப் பார்த்துச் சிரித்தவர்கள்

பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்களைப் பிடிப்பதே பிழைப்பாக இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் 'செக்கிங்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வேலைதான் முடிந்ததே தவிர, அந்தப் பார்வை போகவில்லை. வீட்டுக்கு வருகிற சம்பந்தியைக்கூட மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பார். பிடிக்க ஆளில்லாமல் மனுஷன் வீட்டில் அடுப்பையும் அலமாரியையும் சோதனை போட ஆரம்பித்ததும், தொல்லை தாங்காமல் மனைவி அவரைப் பொது நூலகத்துக்கு விரட்டிவிட்டாள். அங்கே சனிக்கிழமை காலைகளில் வயதானவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. உடம்பைப் பற்றிய விஷயங்களைச் செல்போனில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்றார் நூலக மேடம். சொல்வது யார்? எப்போது சொன்னது? கடைசியில் நம் தலையில் எதைக் கட்டப் பார்க்கிறார்கள்? செக்கிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கே ஏறினே, எங்கே போறே, டிக்கெட்டைக் காட்டு என்று காலமெல்லாம் கேட்டவர் ஆயிற்றே. அன்றிலிருந்து ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் படிக்கட்டில் வைத்தே மடக்கினார். எழுதியவர் பெயர் இல்லாத பக்கம் அகப்பட்டால், செல்போனைப் பார்த்து "கீழ இறங்கு" என்பார். ஒருநாள் அரசு சுகாதாரத் துறையின் பக்கத்தையே தேதி இல்லை என்று பிடித்து வைத்துக்கொண்டார். தேதி அடியில் இருக்கிறது என்று மேடம் விரலால் தள்ளிக் காட்டிய பிறகு, மனசே இல்லாமல் விட்டார்.

இப்படிப்பட்ட ஆளின் உயிர் சிநேகிதர்தான் கண்ணெதிரிலேயே டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். அவர் தெருமுனை டெய்லர். பல வருஷமாகச் சர்க்கரை நோய். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, மாத்திரை எல்லாம் விஷம், என் பொடி ஒன்றே போதும் என்று சொல்ல, டெய்லர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொடிக்கு மாறியிருந்தார். வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் அடம்பிடித்தது. சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் காலுக்கே ஆபத்து என்று செக்கிங் வகுப்பில் படித்திருந்தார். தையல் மெஷினை மிதிக்கிற கால் அது.

சொல்லிப் பார்த்தார், கெஞ்சினார், வகுப்புக்கே இழுத்துக்கொண்டு வந்தார். டெய்லர் வந்தார், பின்வரிசையில் சௌகரியமாகத் தூங்கினார். ஒருநாள் கடையில் வைத்துச் சண்டையே வந்துவிட்டது.

"அவர் டாக்டர்யா. வெள்ளைக் கோட்டு போட்டிருக்காரு. நீ டிக்கெட் கிழிச்சவன்தானே?"

டிக்கெட் கிழிப்பது கண்டக்டர்! செக்கிங் எழுந்து வந்துவிட்டார். அந்த அவமானத்தில்தான் மூளை குறுக்கே வேலை செய்தது. கோட்டுதானே வேண்டும்? கொடுத்துவிட்டால் போகிறது.

அதே தெருவில் கடை வைத்திருந்த சலூன்காரர் முடி வெட்டும்போது ஒரு வெள்ளைக் கோட்டு போடுவார். அவரையே கடைச் சுவரோரம் நிற்க வைத்து, முகத்துக்கு மாஸ்க், கழுத்தில் பாட்டு கேட்கிற ஹெட்போன் எல்லாம் மாட்டி, செக்கிங் படம் பிடித்தார். உடம்புக்கு ஒன்றும் செய்யாத விஷயமாக இருக்க வேண்டுமே என்று யோசித்து யோசித்து வசனம் எழுதியிருந்தார். தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் டம்ளருக்குள் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் குடித்தால் தண்ணீர் ரத்தத்தில் சேராது. சலூன்காரர் அதைக் கொஞ்சமும் கூசாமல், குரலைக் கனமாக்கிச் சொன்னார். டெய்லர் நம்பிச் சிரிக்கும்போது கையும் களவுமாகப் பிடித்துக் கோட்டின் லட்சணத்தைப் புரியவைப்பதுதான் திட்டம். வீடியோ சலூன்காரரின் போனிலிருந்து டெய்லருக்கு மட்டும் போயிற்று.

டெய்லருக்கு எதுவும் 'மட்டும்' என்று வந்து பழக்கமில்லை; வந்ததை வந்த கையோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். சனிக்கிழமை செக்கிங் நூலகத்துக்குள் நுழைந்தபோது, வகுப்பு மொத்தமும் ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. காது கேட்காத வாத்தியார் இரண்டு பங்கு சிரித்தார். செக்கிங்குக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரிக்காத ஒரே ஆள் டெய்லர்தான். பின்வரிசையில் போனைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செக்கிங் பக்கத்தில் போனதும் திரையைக் காட்டினார்.

"யோவ், இந்தப் பாக்கெட் நான் தைச்சது."

போட்ட திட்டத்தில் இதை மட்டும் செக்கிங் மறந்தே போனார். அந்தத் தெருவில் டெய்லர் கை படாத கோட்டு ஏது? பாக்கெட் கொஞ்சம் சரிந்து போய், சீப்பு விழுகிறது என்று சலூன்காரர் அப்போதே குறைப்பட்டிருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது டெய்லர் கண்ணில் படாத சரிவு, இரண்டாம் தடவை பட்டுவிட்டது. அது பட்டதும், மனுஷன் பொடிக்காரன் வீடியோவையும் எடுத்துத் துணியைப் பார்த்திருக்கிறார். தோள் இறங்கிக் கிடக்கிறது, கை விரலை மூடுகிறது. அவன் அளவுக்குத் தைத்த கோட்டே இல்லை.

கோட்டு தொளதொளவென்று இருப்பதால் மட்டும் ஒருவரைப் போலி என்று சொல்லிவிட முடியாது என்றார் மேடம். மூன்று கேள்வியையும் கேட்கச் சொன்னார். டெய்லர் முதல் தடவையாகக் கேட்டார். பெயர் இல்லை. தேதி இல்லை. பொடி வாங்க வேண்டிய போன் நம்பர் மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் போனை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார்.

"கால் போயிடுமாய்யா?"

"அதை நான் சொல்லக் கூடாது. டாக்டர் சொல்லணும். எழுந்திரு" என்று செக்கிங் அவர் கையைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோட்டே போடாமல், கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். டெய்லர் செக்கிங்கைப் பார்த்தார். செக்கிங் சுவரில் மாட்டியிருந்த பட்டத்தையும் பதிவு எண்ணையும் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, போகலாம் என்று தலையாட்டினார். புண்ணைச் சுத்தம் செய்து, பழைய மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்து, டாக்டரம்மா டெய்லரை வாங்கு வாங்கு என்று வாங்கினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும், இப்போது பயமில்லை என்றார். வெளியே வந்ததும் டெய்லர் அழுதார். செக்கிங்கும் அழுதார், கண்ணில் தூசி என்றார். புண் ஆறி, தெருமுனையில் மெஷின் சத்தம் கேட்ட அன்று, செக்கிங் தேவையே இல்லாமல் ஒரு பேன்ட்டைக் கொடுத்து உயரம் குறைக்கச் சொன்னார்.

அடுத்த வகுப்பில் அவரே எழுந்து, வீடியோ தன் கைவேலை என்று எல்லோரிடமும் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டுச் சமையலறையில் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன இது என்று கேட்டார். வெளியூரிலிருக்கும் அக்கா வீடியோ அனுப்பினாளாம், பெரிய டாக்டராம். செக்கிங் பதறிப்போய், சொல்வது யார், எப்போது சொன்னது என்று கேட்கச் சொன்னார். உங்க வகுப்பை நூலகத்தோடு வச்சுக்குங்க என்றாள் அவள்.

"அது பொய்டீ. நான்தான் எடுத்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள்.

"அவர் கோட்டு போட்டிருக்காரு. நீங்க பனியன்ல நிக்கிறீங்க. குடிங்க, சிரிச்சிட்டுக் குடிங்க" என்று இன்னொரு டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.