மஹ்மூதாவின் இடப்பக்க நோவு

மஹ்மூதா ராத்தாவுக்கு அந்த நோவு தொடங்கியது இந்த வருடம், 2013இல், நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் கிழமை. இடது குண்டியில் குத்தி, தொடையின் பின்னால் இறங்கி, கால்விரல் வரைக்கும் எரிந்தது. அப்போது அவர் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகத் தொடங்கி மூன்று நாள்தான்.

1990இல் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையோடு மன்னாரிலிருந்து வள்ளமேறி கல்பிட்டிக் கரைக்கு வந்தவர் அவர். கணவர் ரஸாக் அகதி முகாமிலேயே காய்ச்சலில் மௌத்தானார். கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாள் ராத்தா மீன் வாடியில் கத்தி பிடித்தார். கருவாட்டுக்கு மீன் வெட்டியே மகளை வளர்த்துக் கலியாணமும் முடித்துக் கொடுத்தார். பதினைந்து வருடமாக நான், அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறேன். தனக்கு ஒருவர் செய்த கெடுதலை அவர் மறந்ததை நான் பார்த்ததில்லை.

ராத்தாவைப் போல இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாதர் சங்க மண்டபத்தில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு. நானும் அவரோடு போனேன். நடத்தியவள் ஷிம்லா. ஊரின் பழைய காணிக்காரக் குடும்பத்து மருமகள், முப்பது வயது. சிலாபத்தில் ஐந்து நாள் பயிற்சி எடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மண்டபச் சுவரில் மாட்டியிருந்தாள்.

நாலாம் நாள் ராத்தா குனிய ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன ராத்தா, குனியக் கள்ளமா?” என்றாள் ஷிம்லா.

“இல்ல புள்ள. குண்டியில இருந்து கால் வரைக்கும் இழுக்குது.”

“நோகும்தானே. இருபது வருஷம் நிவாரணம் திண்டு சும்மா இருந்த குண்டி. திடீரெண்டு எழும்பச் சொன்னா கோவம் வராதா?”

முப்பது பெண்கள் சிரித்தார்கள். எங்களோடு முகாமில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை; ராத்தாவின் செருப்பைத் தேடி எடுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ராத்தா மூன்று இடத்தில் நின்று காலை உதறினார். மூன்றாம் தடவை சொன்னார்: “அவள அந்த மண்டபத்துலயே அழ வைக்கணும். அதே ஆக்களுக்கு முன்னால.”

இரண்டு கிழமை ஓய்வெடுத்தும் நோவு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் போனது மருந்துக்கு அல்ல, கடிதத்துக்கு. தனக்குப் பெரிய வருத்தம் இருக்கிறது என்று டொக்டர் எழுதித் தரவேண்டும். வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான ஷிம்லாவே அதை உரத்து வாசிக்கவேண்டும்.

லேடி டொக்டர் ராத்தாவைப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை நசுக்கினாலும் இப்படி நோகும்,” என்றார்.

“ஓம் டொக்டர். அதையே எழுதுங்க.”

டொக்டர் சிரித்துவிட்டு, முதுகைத் தட்டிப் பார்த்தார். இடுப்பு மூட்டைச் சுழற்றினார். சீனி உள்ளவர்களுக்கு இரத்தக் குழாய் அடைபடலாம், அப்படியென்றால் நடக்கும்போது நோவு வரும், நின்றால் விட்டுவிடும் என்று பாதத்தில் நாடி பார்த்தார். சலம் போவதில் கஷ்டமா, காலிடுக்கில் விறைப்பா என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் குண்டியின் நடுவில் ஒரு இடத்தை விரலால் அழுத்தினார். ராத்தா கத்திவிட்டார்.

“வேலையில எப்படிக் குந்தி இருப்பீங்க?”

ராத்தா, “சும்மா கீழதான்” என்றார். நான் தரையில் அமர்ந்து காட்டினேன். தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதும்போது இருக்கிற மாதிரி: இடது குண்டியை நிலத்தில் ஊன்றி, இரண்டு காலையும் வலப்பக்கம் தள்ளி. வாடியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்போம். உடுப்பு ஒதுங்காது, மடிக்கு முன்னால் பேசின் வைக்கலாம். தொழுகையில் அது சில நிமிடம். எங்களுக்கு எட்டு மணித்தியாலம்.

“அதுதான்,” என்றார் டொக்டர். “குண்டிச் சதை வருஷக்கணக்கா இறுகிப்போய்க் கிடக்கு. அதுக்கு அடியில ஓடுற நரம்பு நெருக்குப்படுது. அதைத் திடீரென்று இழுத்துப் பயிற்சி செய்ததால கிளம்பியிருக்கு. பெரிய வருத்தம் இல்லை.”

பெரிய வருத்தம் இல்லை என்றதும் ராத்தாவின் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். ஆனாலும் கடிதம் கிடைத்தது.

அடுத்த வகுப்பில் அதை ஷிம்லாவிடம் நீட்டி, “உரத்து வாசி” என்றார். ஷிம்லா முதலில் மனதுக்குள் வாசித்தாள். அவளுடைய வாயோரம் கோணியது.

“நோவு உண்மையாம். ஆறு கிழமைக்குக் குனியக் கூடாதாம். காரணம் என்ன தெரியுமா? கனகாலம் ஒரே இடத்துல குந்தியே இருந்ததாம். நான் சொன்னதத்தான் டொக்டரும் எழுதியிருக்கா.”

சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

ராத்தா கடிதத்தை வாங்கி மடித்தார். “நான் எப்பிடி இருந்தேனோ அப்பிடி நீ ஒரு மணித்தியாலம் இரு. மீன் வெட்டு. பொறகு உன்ட பயிற்சியச் செஞ்சி காட்டு.”

“ஒண்டென்ன, ரெண்டு மணித்தியாலம் இருப்பன். இது ஒரு வேலையா?”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளால் பிறகு பின்வாங்க முடியவில்லை.

மறுநாள் இரண்டு பேசின் சூடை மீனும் சாக்கும் கத்தியும் மண்டபத்துக்குப் போயின. சுமந்தது நான்தான். ராத்தா காட்டியபடியே ஷிம்லா சாக்கில் குந்தி மீனும் கத்தியும் எடுத்தாள். கால்மணி நேரம் பகிடி விட்டாள். பிறகு பேச்சு குறைந்தது. குண்டியை மற்றப் பக்கம் மாற்றப் பார்த்தபோது ராத்தா, “வாடியில அப்பிடி மாத்தினா பேசின் கவுறும் புள்ள” என்றார். அரைமணியில் அவளுடைய நெற்றி வியர்த்தது. செதிலும் இரத்தமும் முழங்கை வரை ஏறியிருந்தன. இரண்டு மணித்தியாலம் என்றவள் ஒன்று முடிந்ததுமே எழும்பியபோது, இடது கால் விறைத்து நிலத்தில் பாவவில்லை.

“கொஞ்சம் பொறுங்க ராத்தா.”

“என்னை நீ பொறுக்கவிட்டியா? குனி. ஒண்டு.”

ஷிம்லா குனிந்தாள்.

“ரெண்டு. முழங்கால் மடங்குது. நேரா வை.”

மூன்றாம் முறை குனிந்தபோது, “உம்மா” என்று இடுப்பைப் பிடித்தாள். கண் நிறைந்து வழிந்தது. ராத்தா எண்ணுவதை நிறுத்தவில்லை. பத்து வரை எண்ணினார். போதும் என்று முப்பது பேரில் ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு விருப்பமும் இருக்கவில்லை.

அது நடந்து இன்றைக்கு ஐந்து கிழமை. ராத்தாவுக்கு நோவு முக்கால்வாசி விட்டுவிட்டது. மல்லாந்து படுத்து, இடது கணுக்காலை வலது முழங்காலில் போட்டு, தொடையை நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுக்கும் ஒரு பயிற்சியை டொக்டர் பழக்கிக் கொடுத்திருந்தார். அரைமணிக்கு ஒருதடவை வேலையை விட்டு எழும்பியும் விடுகிறார்.

ஷிம்லா இன்னும் நொண்டுகிறாள். போன வெள்ளிக்கிழமை ராத்தாவின் வாசலுக்கு வந்து, ஒரு கதிரையில் ஒரு பக்கமாக இருந்தாள்.

“ராத்தா, டொக்டர் காட்டின அந்தப் பயிற்சிய எனக்கும் காட்டுங்களன். ராவுல தூங்க ஏலாம இருக்கு.”

ராத்தா தேயிலை ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

“காட்டுறன். இங்க இல்ல. மண்டபத்துக்கு வா. நிவாரணத்தப் பத்திச் சொன்னது பொய் எண்டு அந்த முப்பது பேருக்கும் முன்னால சொல்லு. சொல்லி முடிஞ்ச கையோட காட்டுறன்.”

ஷிம்லா கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். நேற்று வகுப்பு நாள். அவள் வரவில்லை. ராத்தா பயிற்சியைக் காட்ட முதல் வரிசையில் பாயை விரித்து வைத்துக்கொண்டு, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் அங்கேயே நின்றார்.